கால் வைக்கும் மேடு

என் அக்கா பொய் சொல்கிறாள் என்பது அவள் கணுக்காலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

விடுமுறை நாளென்று என் வீட்டுக்கு வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் இடது காலை மட்டும் பின்னால் இழுத்து ஒளித்துக்கொண்டாள். ஒளித்தால் நான் விடுகிற ஆளா?

"என்னக்கா, மறுபடியும் கட்டுப் போட்டிருக்க?"

"ஒண்ணுமில்லடி. படிக்கட்டுல இடிச்சுக்கிட்டேன்."

"எந்தப் படிக்கட்டு?"

"படிக்கட்டுன்னா படிக்கட்டுதான். அதுக்கு என்ன பேரா வச்சிருக்காங்க?"

குனிந்து கட்டைப் பிரித்தேன். ஆறி, மேலே மெல்லிய தோல் மூடியிருந்த பழைய புண் மறுபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சுற்றிலும் கால் கறுத்து வீங்கியிருந்தது.

"மதியம் காலைத் தூக்கி வச்சுப் படுக்கறியா, இல்லையா?"

"படுக்கறேன், படுக்கறேன்."

ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காலையில் ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம். இரண்டுக்கும் நடுவே மிஷின்கள் ஓய்வெடுக்கும், ஆட்கள் வெளியே போய்விட வேண்டும். வீட்டுக்குப் போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் போனதும் திரும்ப வேண்டியதுதான். ஈரத் தரையில் நின்று நின்று அவள் கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டுவிட்டது. நடு மதியம் ஒரு மணி நேரமாவது காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துப் படுக்கணும், இல்லாவிட்டால் இந்தப் புண் ஆறாது, அப்புறம் நிற்கிற வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே படுப்பது என்று அவர் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சொல்ல டாக்டருக்கு வாய் இருக்கிறது, இடம் கொடுக்க யாருக்கும் மனசு இல்லை.

அந்த இடத்தைத்தான் நான் செய்து கொடுத்தேன்.

நான் பூங்காக்களுக்கு ஆசனம் செய்கிறவள். பத்திரிகைக்காரர்கள் சிற்பி என்பார்கள், பக்கத்துப் பட்டறைக்காரர் சிமெண்டுக்காரி என்பார், நான் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன். ஆஸ்பத்திரிக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே புதுப் பூங்கா போட்டபோது, மரங்களுக்கிடையே ஏறி இறங்கி வளைந்து போகிற ஒரே நீள ஆசனமாகச் செய்யலாம் என்றேன். கண்ணைக் கவர்கிற மாதிரி இருந்தால் போதும் என்றார்கள். கண்ணா உட்காரப் போகிறது? உட்காரப் போவது உடம்பு.

என் வேலை எப்போதும் மணலில்தான் தொடங்கும். பட்டறையில் ஒரு பெரிய தொட்டி நிறைய ஈர மணல் இருக்கும். எந்த இடத்துக்கு ஆசனமோ அந்த இடத்துக்கு வந்துபோகிற ஆட்களையே கூப்பிட்டு அதில் உட்காரச் சொல்வேன். எழுந்ததும் தங்கள் பின்புறத்தின் அச்சைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது. அந்த அச்சை பிளாஸ்டரில் வார்த்து, அதன் வளைவை ஒரு பிளைவுட் பலகையில் அறுத்தெடுத்துச் சுவரில் மாட்டிவைப்போம். பலகைக்குப் பலகை சாக்கட்டியால் பேர் எழுதியிருக்கும். 'பஸ் டிரைவர்', 'எட்டு மாசம்', 'வாயாடி', 'கூன்'. அந்தப் பலகைகளை வைத்துத்தான் சிமெண்டும் கல்சில்லும் கலந்து வளைவு வளைவாக வார்ப்போம்.

கடைசி வளைவு அக்காவுடையது. பெரிய மரத்தடியில், முழு நீளத்துக்குப் படுக்கிற பள்ளம், கால் பக்கம் ஒரு மேடு. அச்செடுக்கக் கூப்பிட்டபோது, "ச்சீ, மண்ணுல போய் எப்படிடி படுக்கறது?" என்றவள், படுத்த சூட்டோடு தூங்கிவிட்டாள். நானும் என் வீட்டுக்காரரும் அவளை எழுப்ப மனசில்லாமல் தொட்டியின் இரண்டு பக்கமும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவர்தான் வெல்டிங் வேலை எல்லாம் பார்க்கிறவர். ஆசனத்துக்கு உள்ளே ஓடுகிற கம்பிக்கூடு முழுக்க அவர் கை. பூங்கா திறந்தார்கள், அக்கா தினமும் மதியம் அங்கே போய்ப் படுத்தாள், புண் ஆறியது. எனக்கு வேறென்ன வேண்டும்?

முடிந்த வேலையை நான் போய்ப் பார்ப்பதில்லை. போனால் குறைதான் கண்ணில் படும். ஆனால் அந்தக் கட்டைப் பார்த்த பிறகு மறுநாள் மதியம் நேரே பூங்காவுக்குப் போனேன்.

போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

என் ஆசனம் முழுக்கக் கம்பி. கறுப்புச் சாயம் அடித்த வளைந்த இரும்புக் கம்பிகள், ஆள் ஒருவர் உட்காருகிற அகலம் விட்டு ஒன்று, மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று என்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு ஆள் தோளைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார். குழந்தையை மடியில் போட்டிருந்த ஒரு அம்மாவுக்கு முழங்கை வைக்க இடமில்லை. பெரிய மரத்தடியில் அக்காவின் பள்ளத்தில் மட்டும் யாரும் இல்லை. இருக்க முடியாது. பள்ளத்தில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும், படுத்தால் சரியாக இடுப்பிலும் முழங்காலிலும் இரண்டு கம்பி குறுக்கே நின்றது. பார்த்துப் பார்த்து, அளந்து அளந்து நட்டுவைத்திருந்தார்கள் பாவிகள்.

சற்றுத் தள்ளித் தரையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் காலை வைத்து, மரத்தில் சாய்ந்து என் அக்கா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"படிக்கட்டாக்கா இது?" என்றேன்.

"கத்தாதடி. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்!"

பூங்காக் காவலாளி ஓடிவந்தார். அவருக்கு 'விசில்' என்றுதான் பேர், வாயிலிருந்து அது இறங்கி நான் பார்த்ததில்லை. யார் இதைப் போட்டது என்று கேட்டேன். விசிலை வாயோரம் ஒதுக்கிக்கொண்டு, "எனக்கு என்னம்மா தெரியும்? நான் மத்தளம். ரெண்டு பக்கமும் இடி. ஆபீஸ்ல கேளுங்க" என்றார்.

ஆபீஸ் என்பது கண்காணிப்பாளரின் அறை. அவருக்கு நான் வைத்த பேர் 'இஸ்திரி'. மழை, வெயில், செடிக்கு நடுவே நடை, எது வந்தாலும் அவர் சட்டை மடிப்புக் கலையாது. நான் கதவைத் தள்ளிய வேகத்தில் மேசைமேல் இருந்த பூச்சாடி ஆடியது. அவர் அதைத்தான் முதலில் பிடித்தார்.

"வாங்க மேடம். நானே கூப்பிடணும்னு இருந்தேன். நல்ல சேதி ஒண்ணு."

"அந்தக் கம்பி என்ன சார்?"

"கைப்பிடி மேடம். வயசானவங்க ஊன்றி எழுந்திருக்க வேண்டாமா? பாவம், சிரமப்படறாங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். எனக்கு உச்சந்தலை சுட்டது.

"படுக்கற பள்ளத்துக்கு நடுவுல எதுக்குக் கைப்பிடி? படுத்துக்கிட்டே எழுந்திருக்கறவங்களுக்கா?"

அவர் சிரித்தார். சிரிப்பிலும் மடிப்பு கலையவில்லை.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. இந்த ஆசனத்தை விருதுக்கு அனுப்பியிருக்கோம். வர்ற வாரம் குழு வந்து பார்க்கப் போகுது. பேரு உங்களுக்குத்தான். அவங்க வர்ற நேரத்துல ஒரு பொம்பள காலைத் தூக்கி வச்சுக்கிட்டு வாயைத் திறந்து தூங்கிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? பூங்காவா, சத்திரமான்னு கேட்க மாட்டாங்க?"

"அந்தப் பொம்பள தூங்கறதுக்காகவே செஞ்சது சார் அது."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பார்க்கறவனுக்குத் தெரியுமா?"

"நீங்க போட்டது நாலு கம்பி இல்ல, நாப்பது வேலி. எடுங்க."

"மேடம், கோபப்படாம யோசிங்க. படுக்கறதுக்கு அவங்களுக்கு வீடு இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேலைப்பாடு ரொம்ப நல்லா பொருந்தியிருக்கு இல்ல?" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இந்த ஆள் வரத்தையும் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கிய அழகை என்னிடமே மெச்சச் சொல்கிறார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதினால் என் மாமியார் படிப்பார்.

நேரே மரத்தடிக்குப் போனேன். கையாலேயே பிய்த்து எறிய வேண்டும் என்றுதான் போனேன். கம்பியின் பாதத்தைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அடியில் நகத்தை விட்டு நெம்பப் பார்த்தேன். நகம் நுழையவில்லை.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

என் ஆசனத்தில் எங்கேயும் சமதளம் கிடையாது. ஓர் இடத்து வளைவு இன்னோர் இடத்தில் இருக்காது. கடையில் வாங்கிய கைப்பிடியை அதன்மேல் வைத்தால் ஒரு பக்கம் தூக்கும், ஒரு பக்கம் இடிக்கும், இடுக்கில் சிமெண்டைப் பூசித்தான் சமாளிக்க முடியும். இந்தப் பாதங்களோ கல்லோடு பிறந்தவை மாதிரி உட்கார்ந்திருந்தன. அடுத்ததைத் தடவினேன். அதுவும் அப்படியே. 'பஸ் டிரைவர்' வளைவில் பஸ் டிரைவர் வளைவு. 'கூன்' வளைவில் கூன் வளைவு. அந்தப் பலகைகள் உலகத்தில் ஒரே ஒரு சுவரில்தான் மாட்டியிருக்கின்றன. வெல்டிங் வைத்த இடத்தைத் தடவினேன். ஒரு குத்தல் இல்லை, ஒரு பிசிறு இல்லை.

அக்கா மெதுவாக நொண்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?" என்றேன்.

"கை வச்சதுமே தெரிஞ்சுது. உன் வீட்டுக்காரர் வேலைன்னா வழவழன்னு இருக்குமே." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்காக நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்கடி. எனக்கு வாளி போதும்."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று சும்மாவா சொன்னார்கள்!

பட்டறைக்குப் போனபோது என் வீட்டுக்காரர் கிரைண்டரில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். சுவிட்சை நான் அணைத்தேன். என் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், பின்னால் ஒரு அடி வைத்தார். கோபம் வந்தால் என் பேச்சில் முதலில் உதிர்வது 'ங்க'தான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நீயா செஞ்ச?"

"இங்க பாரு, நான் சொல்றதைக் கேளு..."

"நீயா செஞ்ச, இல்லையா?"

"நான்தான்."

"அக்கா மணல்ல தூங்கினப்ப நீ எங்க இருந்த? வானத்துலயா? பக்கத்துலதானே உட்கார்ந்திருந்த? அந்தப் பலகையை எடுத்து அதை வச்சே அவ இடுப்புக்கு நேரா கம்பி நட்டிருக்கியே, உனக்குக் கை கூசல?"

"அந்த இஸ்திரி துளை போடற மிஷினோட ஆள் அனுப்பறதா இருந்தான்! உள்ள கம்பிக்கூடு எங்க ஓடுதுன்னு அவனுக்குத் தெரியுமா? துளைக்குத் துளை தண்ணி இறங்கி, ஒரே மழைக்காலத்துல ஆசனமே வெடிச்சுப் போயிருக்கும். நீ ராவும் பகலும் பட்ட பாடு. அதான் நானே செஞ்சு தர்றேன்னு, நீ வெளியூர் வேலைக்குப் போயிருந்த வாரத்துல செஞ்சு முடிச்சேன். ஒரு துளை போடலை. அடியில கவ்விப் பிடிக்கற மாதிரி செஞ்சேன். கல்லுல ஒரு கீறல் இருக்கா, போய்ப் பாரு."

"கல்லுக்கு வலிக்காம பார்த்துக்கிட்ட."

"ஆமா."

"அவளுக்கு?"

அவர் கழற்றிய கண்ணாடியைச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார்.

"கல்லைக் காப்பாத்திட்டு ஆளை விட்டுட்டியே! அந்தக் கல்லு எதுக்கு? நாம எல்லாரும் சுத்தி நின்னு கும்பிடவா? துளை போட்டா போடட்டும்னு விட்டிருந்தா அந்த இஸ்திரி கோணல்மாணலா எதையாவது நட்டிருப்பான், ரெண்டு மாசத்துல அதுவே விழுந்திருக்கும். உன் வேலை விழுமா? நீ செஞ்சது விழவே விழாதே!"

இந்த மனுஷனுக்குக் கெட்ட காரியத்தைக்கூட நல்லபடியாகத்தான் செய்யத் தெரியும். அதுதான் எனக்கு ஆத்திரம். அரைகுறையாகச் செய்கிறவனை மன்னித்துவிடலாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கத்துவியேன்னு..."

"கத்துவேன்!"

"இப்பவும் கத்தறே. ஆனா நான் யோசிக்காம செய்யல." மேசை இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு சின்ன ஸ்பேனர். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி அறுத்து, கையைக் குத்தாதபடி முனையெல்லாம் தேய்த்து உருட்டியிருந்தார். "அக்காவோட இடத்துல மட்டும் நட்டு ஒரே சுத்துல கழறும். கம்பியை எடுத்துட்டு படுத்துக்கலாம். எழுந்ததும் மாட்டிட்டுப் போயிடலாம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இதை அக்காகிட்டக் கொடுக்கணும்னா முதல்ல உன்கிட்டச் சொல்லணும். உன்கிட்டச் சொல்ல பயம். அதான் இழுப்பறையிலயே கிடக்கு."

அவள் புண் வாய் திறந்துகொண்டிருந்த நாளெல்லாம், மருந்து என் பட்டறை இழுப்பறைக்குள் துணி சுற்றித் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் ஸ்பேனரைக் கையில் வாங்கியதும் என் கோபம் ஒரு படி இறங்கியது நிஜம். அழகாக இருந்தது. வழி கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். நாளைக்கே போய்க் கொடுக்கலாம் என்றேன். 'ங்க' மட்டும் திரும்பி வரவில்லை.

மறுநாள் மதியம் இருவரும் போனோம். சலவைக்கூடத்துப் பெண்கள் கூண்டுக்கு ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். அக்கா வாளியும் காலுமாக மரத்தடியில் இருந்தாள். என் வீட்டுக்காரர் அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஸ்பேனரை நீட்டி எல்லாவற்றையும் விளக்கினார். இப்படித் திருப்பணும், இப்படித் தூக்கணும், போகும்போது இப்படி மாட்டணும்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி. கைக்கு அடக்கமா இருக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"யாராவது பார்த்தா?"

"விசில் அந்தப் பக்கம் போற நேரமாப் பாருங்கக்கா. யாரும் பார்க்காதப்ப கழட்டிடுங்க."

"யாரும் பார்க்காதப்ப," என்றாள் அக்கா.

அப்புறம் எழுந்து நின்றாள். என் அக்கா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த கோபம் மொத்தத்தையும் நானே எடுத்துக்கொண்டுவிட்டேன், அவளுக்கு மிச்சமே வைக்கவில்லை என்று அம்மா சொல்வாள். அம்மா சொன்னது தப்பு.

"இந்த ஊர்ல காய்ச்சல்னு படுக்கறவன், பிள்ளை பெத்துப் படுக்கறவ, சாகறதுக்குப் படுக்கறவன், அத்தனை பேர் விரிப்பையும் நான்தான் துவைக்கறேன். ரத்தமும் சீயுமா வர்றதை வெள்ளை வெளேர்னு மடிச்சுக் கொடுக்கறேன். ஊரே படுக்குது. நான் ஒரு மணி நேரம் காலை நீட்டணும்னா திருடி மாதிரி ஸ்பேனரை இடுப்புல செருகிக்கிட்டு வரணுமா? யாரும் பார்க்காதப்ப கழட்டி, யாரும் பார்க்காதப்ப மாட்டணுமா? நான் என்ன பூட்டா உடைக்க வர்றேன்?"

சாப்பாட்டு டப்பாக்கள் அப்படியே நின்றன. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ராத்திரி அந்த ஸ்பேனரை நானும் அல்லவா மெச்சினேன்?

"கழட்டுங்க," என்றாள்.

"சரிக்கா. இந்த ரெண்டையும் இப்பவே..."

"எல்லாத்தையும்."

அவர் என்னைப் பார்த்தார். "என்னை என்ன பார்க்கற? அக்கா சொல்றா இல்ல?" என்றேன்.

பையில் இருந்த பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஆசனத்துக்கு அடியில் படுத்தார். முதல் கம்பி கழன்றதும் அக்கா அதைத் தூக்கினாள், நான் மறுமுனையைப் பிடித்தேன். பிணம் கனம் கனத்தது. எங்கே வைப்பது என்று நான் யோசிப்பதற்குள் அவள் நொண்டிக்கொண்டே அல்லிக் குளத்தை நோக்கி இழுத்துக்கொண்டு போனாள். தொப்பென்று போட்டாள். தவளைகள் நாலா பக்கமும் தெறித்தன. திரும்பிப் பார்த்தால் சலவைக்கூடத்துப் பெண்கள் டப்பாவை மூடிவைத்துவிட்டு, கம்பிக்கு இருவராகத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். ஈரக் கம்பளி மூட்டை தூக்கிப் பழகிய கைகள். ஒருத்தியும் மூச்சு வாங்கவில்லை. விசில் ஓடிவந்து ஒரு தடவை ஊதினார். குழந்தையோடு இருந்த அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா தன் பள்ளத்துக்குப் போனாள். மேட்டில் காலைத் தூக்கி வைத்தாள், முழங்கையை மடித்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டாள்.

இஸ்திரி வரும்போது கடைசிக் கம்பிகள் குளத்தில் விழுந்துகொண்டிருந்தன. நேரே கரையில் வந்து நின்றார், பாவம். சேறும் பாசியுமாகத் தண்ணீர் எழும்பி அவர் மார்பிலிருந்து இடுப்புவரை அறைந்தது. அந்தச் சட்டை கசங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"யார் பண்ணது இதை?" என்று கத்தினார். "யாரு?"

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரரும் அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"நான்தான்," என்றாள் அக்கா, முகத்திலிருந்து கையை எடுக்காமலேயே. "இப்ப எனக்குப் படுக்கற நேரம். சாயங்கால வேலைக்குச் சங்கு ஊதினதும் எழுப்புங்க. எங்க வரணுமோ வர்றேன்."

இஸ்திரி அவள் பக்கத்தில் போனார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஆசனத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நானும் போய் அக்காவின் கால் பக்கத்தில் நின்றேன். அவள் ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தாள், வாயைத் திறந்துகொண்டு.